பல் உறை போட்ட பிறகு: அடியில் இருப்பது அதே பழைய பல்தான்

கடைவாய்ப் பல்லுக்கு ஆயிரம் வெள்ளிக்கு மேல் கட்டி உறை போட்டுக்கொண்டு வீடு திரும்புகிறவருக்குப் பெரிய நிம்மதி. மாதக்கணக்கில் வலித்த பல், இரவில் தூங்கவிடாத பல், ஒருவழியாக அடங்கிவிட்டது. இனி அந்தப் பக்கம் கவலை இல்லை என்று அவர் நினைத்துக்கொள்கிறார். நான்கைந்து ஆண்டு கழித்து உறை ஆடத் தொடங்கி, கிளினிக்கில் அதைக் கழற்றிப் பார்க்கும்போது உள்ளே பல் கறுத்துக் கரைந்திருக்கும். "உறைதான் போட்டோமே, எப்படிச் சொத்தை வந்தது?" என்ற கேள்வி அப்போதுதான் எழுகிறது.

உறைக்குச் சொத்தை வராது. அது பீங்கான் அல்லது உலோகம். உறை மூடியிருக்கும் பல்லோ அதே பழைய பல்தான். ஈறுக்குப் பக்கத்தில் உறை முடிந்து பல் தொடங்கும் ஒரு மெல்லிய கோடு இருக்கிறது. உறை போட்ட பல் பெரும்பாலும் கெடுவது அந்தக் கோட்டில்தான். அதைக் காப்பாற்றினால் உறை பத்து, பதினைந்து ஆண்டு நிற்கும்; இருபது ஆண்டைத் தாண்டுவதும் உண்டு. காப்பாற்றாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்துப் போட்டாலும் பயனில்லை.

உறை என்றால் என்ன?

நம்மில் சிலர் இதை 'கேப்' என்பார்கள், சிலர் 'கிரவுன்' என்பார்கள், தொப்பி என்று சொல்வோரும் உண்டு. அரசாங்கக் கிளினிக்கில் கொடுக்கும் தாளில் 'கொரோனா' என்று எழுதியிருந்தால் பதற வேண்டாம். மலாய் மொழியில் பல் உறைக்கு அப்படியும் ஒரு பெயர்.

பெரிய அளவில் சொத்தையாகி அடைத்த பல், விரிசல் விட்ட பல், வேர் சிகிச்சை செய்த பல் ஆகியவற்றுக்கே பெரும்பாலும் உறை போடுவார்கள். அதற்காகப் பல்லைச் சுற்றிலும் ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் வரை செதுக்கிச் சிறிதாக்கி, அதன் மேல் அச்சாகப் பொருந்தும்படி உறையைச் செய்து சிமெண்டு வைத்து ஒட்டுகிறார்கள். செதுக்கியது செதுக்கியதுதான், பல் திரும்ப வளராது. எனவே உறை போட்ட பல்லுக்கு ஆயுள் முழுவதும் உறை வேண்டும். ஒன்று போனால் இன்னொன்று. ஒவ்வொரு முறை மாற்றும்போதும் மிச்சமிருக்கும் பல் இன்னும் கொஞ்சம் குறையும். முதல் உறையை நீண்ட நாள் காப்பாற்றுவது ஏன் முக்கியம் என்பதற்கு இதுவே காரணம்.

தோட்டங்களில் பழைய தலைமுறையினர் தங்கப்பல் கட்டியிருந்ததைப் பலர் பார்த்திருப்பார்கள். அழகுக்கென்று கட்டிக்கொண்டவர்களும் உண்டு. உண்மையில் தங்கக் கலவை உறைக்கு நல்ல பொருள்: உடையாது, எதிர்ப்பக்கத்துப் பல்லைத் தேய்க்காது, பல்லை அதிகம் செதுக்கவும் தேவையில்லை. இன்று பெரும்பாலும் போடுவது உலோகத்தின் மேல் பீங்கான் பூசியது, அல்லது வெள்ளையான சிர்கோனியா. உலோகத்தின் மேல் பூசிய பீங்கான் கடுமையான கடியில் சில்லு பெயரலாம். சிர்கோனியா மிக உறுதியானது. எந்தப் பொருளாக இருந்தாலும் கோட்டைக் கவனிக்கும் முறை ஒன்றுதான்.

தற்காலிக உறை இருக்கும் நாள்கள்

பல்லைச் செதுக்கி அச்சு எடுத்த பிறகு, நிரந்தர உறை ஆய்வுக்கூடத்தில் தயாராகி வரச் சாதாரணமாக ஒரு வாரம் முதல் மூன்று வாரம் வரை ஆகும். அதுவரை பிளாஸ்டிக் போன்ற பொருளில் ஒரு தற்காலிக உறையை ஒட்டி அனுப்புவார்கள். இதை ஒட்டும் சிமெண்டை வேண்டுமென்றே பலவீனமானதாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். அடுத்த முறை எளிதில் கழற்ற வேண்டுமே! ஆகவே இது கழன்று விழுந்தால் மருத்துவர் சரியாகப் போடவில்லை என்று உடனே முடிவு கட்ட வேண்டியதில்லை.

இந்த நாள்களில் அந்தப் பக்கமாகக் கடிக்காமல் மறுபக்கமாக மெல்லுவது நல்லது. டோடோல், பாற்கோவா, மிட்டாய், சூயிங்கம் போல ஒட்டிக்கொள்ளும் எதுவும் உறையை இழுத்துக்கொண்டு வந்துவிடும். முறுக்கும் கச்சானும் அதை உடைத்துவிடும். பல் இடுக்கில் நூல் விட்டுச் சுத்தம் செய்கிறவர்கள், நூலை மேலே தூக்கி எடுக்காமல் பக்கவாட்டில் உருவி எடுக்க வேண்டும். தூக்கினால் உறையும் கூடவே வரும்.

அப்படியும் கழன்றுவிட்டால் என்ன செய்வது? வலி இல்லை, அடுத்த வாரம் எப்படியும் போகப்போகிறோம் என்று பலர் சும்மா இருந்துவிடுகிறார்கள். அங்கேதான் சிக்கல். செதுக்கிய பல்லின் மேல் மூடி இல்லாவிட்டால் பக்கத்துப் பற்கள் மெல்லச் சாயும், எதிரே இருக்கும் பல் இறங்கும், ஈறும் ஓரத்தில் ஏறி வளரும். ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு நகர்ந்தாலும் போதும், காசு கொடுத்துச் செய்த நிரந்தர உறை உட்காராது. மறுபடி அச்சு எடுக்க வேண்டியதாகிவிடும். ஆகவே கழன்ற உறையைக் கழுவிப் பத்திரமாக வைத்துக்கொண்டு அன்றைக்கோ மறுநாளோ கிளினிக்குக்குத் தொலைபேசியில் சொல்லிவிட வேண்டும்.

தோட்டத்திலிருந்து பட்டணத்துக்குப் போக ஒருநாள் ஆகும் என்றால், உறையின் உள்பக்கம் கொஞ்சம் வாசலினோ பற்பசையோ தடவிப் பல்லின் மேல் உட்காரவைக்கலாம். மருந்துக் கடைகளில் இதற்கென்றே தற்காலிகப் பல் சிமெண்டும் விற்கிறார்கள். இது பகல் வேளைக்கு மட்டும்தான். தூங்கும்போது எடுத்து வைத்துவிட வேண்டும், தொண்டைக்குள் போய்விடக் கூடாது. 'கம் காஜா' எனப்படும் அதிவேகப் பசையை வாய்க்குள் கொண்டுபோகவே கூடாது. அது பல்லையும் ஈறையும் புண்ணாக்குவதோடு, உறையின் உள்ளே காய்ந்து கட்டியாகி அதைத் திரும்பப் பயன்படுத்த முடியாதபடி செய்துவிடும்.

நிரந்தர உறை ஒட்டிய முதல் நாள்

சிமெண்டு சில நிமிடங்களிலேயே இறுகத் தொடங்கும். முழு வலு வர ஒருநாள் ஆகலாம். எனவே முதல் 24 மணி நேரம் அந்தப் பக்கமாகக் கடினமானதையும் ஒட்டுவதையும் தவிர்க்க வேண்டும். மரத்துப்போகும் ஊசி போட்டிருந்தால் மரமரப்பு போகும்வரை எதுவும் சாப்பிடாமல் இருப்பது நல்லது. கன்னத்தையும் நாக்கையும் கடித்துக்கொண்டது தெரியாது. சூடான தே தாரிக் குடித்து உதடு வெந்தாலும் தெரியாது.

மரமரப்பு போன பிறகு ஒரு சோதனை செய்து பார்க்க வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்து, வழக்கம்போல வாயை மூடிப் பற்களைச் சேர்த்துப் பார்க்கவும். எல்லாப் பற்களும் ஒன்றாகச் சேர்கின்றனவா, அல்லது புதிய உறைதான் முதலில் முட்டுகிறதா? கிளினிக்கில் நீலத்தாள் வைத்துக் கடிக்கச் சொல்லிப் பார்த்திருப்பார்கள். ஆனால் வாய் மரத்திருக்கும்போது, படுத்த நிலையில் கடிக்கும் கடி இயல்பான கடி அல்ல. வீட்டுக்கு வந்த பிறகுதான் 'உயரமாக இருக்கிறது' என்பது தெரியும்.

உயரமாகத் தெரிந்தால் திரும்பிப் போய்ச் சொல்ல வேண்டும். "போகப் போகப் பழகிவிடும்" என்பது நம்மிடையே அடிக்கடி கேட்கும் பேச்சு. பல் பழகாது. மற்ற பற்கள் பகிர்ந்துகொள்ள வேண்டிய கடியின் பாரம் முழுவதும் ஒரே பல்லில் இறங்கினால், வேரைச் சுற்றியுள்ள தசைநார் வீங்கும், கடித்தாலே வலிக்கும், பீங்கான் சில்லுப் பெயரும், தாடை மூட்டும் வலிக்கத் தொடங்கும். மருத்துவர் அதைத் தேய்த்துச் சரிசெய்ய ஐந்து நிமிடம் போதும். புதிதாகப் போட்ட உறையைச் சரிசெய்யப் பெரும்பாலும் தனிக் கட்டணம் கேட்பதில்லை. ஆனாலும் நம் ஆட்களுக்குத் திரும்பிப் போய்க் கேட்பதில் ஒரு கூச்சம்.

கூச்சமும் வலியும்: எதுவரை பொறுக்கலாம்?

நரம்பு உயிரோடு இருக்கும் பல்லுக்கு உறை போட்டிருந்தால், சில நாள் முதல் இரண்டு வாரம் வரை குளிர்ச்சியும் சூடும் கூசலாம். ஐஸ் போட்ட மைலோவை ஒரு மிடறு குடித்தால் சுளீர் என்று இழுத்துவிட்டு உடனே அடங்கிவிட்டால் பயமில்லை. ஈறும் இரண்டு மூன்று நாள் நோகும். ஒரு குவளை வெதுவெதுப்பான தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டுக் கொப்பளித்தால் இதமாக இருக்கும்.

கூச்சம் நாளுக்கு நாள் குறைய வேண்டும். நாளாக ஆக அது கூடினாலோ, சூடு பட்ட பிறகு நிமிடக்கணக்கில் வலி நின்றாலோ, இரவில் தானாகவே துடித்து எழுப்பினாலோ, உள்ளே நரம்பு பாதிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். ஈறில் சிறு கொப்புளம் வந்து சீழ் வடிந்தாலும் அப்படித்தான். கன்னமோ தாடையோ வீங்கி, காய்ச்சலும் வந்து, விழுங்கவோ வாயைத் திறக்கவோ மூச்சு விடவோ சிரமமாக இருந்தால் மறுநாள் வரை காத்திருக்காமல் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு நாள் தள்ளும் காரியம் இல்லை இது.

வேர் சிகிச்சை செய்த பல்லின் கதை வேறு. அதில் நரம்பு இல்லை, ஆகவே கூசாது. அது நல்லதுதானே என்று தோன்றும். அதுவே ஆபத்தும் ஆகிறது. சாதாரணப் பல்லில் சொத்தை இறங்கினால் இனிப்புப் பட்டாலே வலித்து எச்சரிக்கும். நரம்பில்லாத பல் சத்தமே போடாது. உறைக்கு அடியில் சொத்தை வேர் வரை போய், உறை கையோடு வரும் நாளில்தான் விஷயம் தெரியவரும். அப்போது பெரும்பாலும் பல்லைப் பிடுங்குவது தவிர வேறு வழி இருக்காது. நம்மவர்களில் கடைவாய்ப் பல்லுக்கு உறை போடுகிறவர்கள் பலர் வேர் சிகிச்சைக்குப் பிறகு போடுகிறவர்கள்தான். "வலி இல்லை, அதனால் நன்றாக இருக்கிறது" என்ற கணக்கு இவர்களுக்குச் செல்லாது.

அந்தக் கோட்டைத் துலக்குவது எப்படி?

பலரும் பல் துலக்கும்போது கடிக்கும் மேற்பரப்பையும் வெளியே தெரியும் பக்கத்தையும் தேய்க்கிறார்கள். ஈறோரம் தப்பிவிடுகிறது. மென்மையான நார் உள்ள பிரஷை எடுத்து, அதைச் சாய்த்து, நாரின் நுனி பாதி பல்லிலும் பாதி ஈறிலும் படும்படி வைத்துச் சிறு சிறு வட்டமாகத் தேய்க்க வேண்டும். நாக்குப் பக்கம் இருக்கும் ஓரத்தையும் மறக்கக் கூடாது. கீழ்க்கடைவாய்ப் பல்லின் உள்ளோரம்தான் அதிகம் தப்பிப்போகும் இடம். காலையில் ஒருமுறை, இரவு படுக்கும் முன் ஒருமுறை. இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இரவு துலக்குவதை விடக்கூடாது. தூங்கும்போது எச்சில் சுரப்பது குறைந்து, வாயில் தங்கிய உணவு ராத்திரி முழுவதும் வேலை செய்யும்.

பற்பசையில் ஃபுளோராய்டு இருக்கிறதா என்று பெட்டியில் பார்த்து வாங்க வேண்டும். பெரியவர்களுக்கு 1000 முதல் 1500 பிபிஎம் வரை உள்ளது ஏற்றது. பட்டணத்துக் குழாய்த் தண்ணீரில் பெரும்பாலும் ஃபுளோராய்டு சேர்க்கிறார்கள். ஆற்றுத் தண்ணீரையோ குளத்துத் தண்ணீரையோ தாங்களே வடிகட்டி விநியோகிக்கும் தோட்டங்களில் அது இருக்கும் என்று சொல்ல முடியாது. அங்கே பற்பசைதான் துணை. துலக்கியபின் நுரையைத் துப்பிவிட்டு, தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கொப்பளிக்காமல் விட்டால் மருந்து பல்லில் தங்கும்.

கரி, சாம்பல், உப்புத்தூள், சொரசொரப்பான பற்பொடி போன்றவற்றைப் பழக்கத்தில் வைத்திருக்கும் பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கடைகளில் இப்போது கரி கலந்த பற்பசையும் வந்துவிட்டது. இவை பீங்கானின் மினுமினுப்பைத் தேய்த்து எடுத்துவிடும், பளபளப்புப் போன இடத்தில் கறை சீக்கிரம் படியும். ஈறு இறங்கினால் உறையின் கோடு வெளியே வந்துவிடும். கோட்டுக்குக் கீழே இருப்பது கடின மேற்பூச்சு இல்லாத வேர்ப்பகுதி, சொத்தைக்கு எளிதான இரை.

பிரஷ் நுழையாத இடம் இரண்டு பற்களுக்கு நடுவே இருக்கும் இடுக்கு. பல் நூலோ, சிறு புட்டிப் பிரஷ் போல இருக்கும் இடுக்குத் தூரிகையோ ஒருநாளைக்கு ஒருமுறை அங்கே போய்வர வேண்டும். ஈறு இறங்கி இடைவெளி விழுந்தவர்களுக்கு நூலைவிட இடுக்குத் தூரிகை வசதி. இடைவெளியின் அளவுக்கு ஏற்ற எண்ணைப் பல் கிளினிக்கில் கேட்டு வாங்க வேண்டும், பெரியதைத் திணிக்கக் கூடாது. குண்டூசி, தீக்குச்சி, சட்டை ஊக்கு எல்லாம் வேண்டாம்.

நூல் சுத்தம் மட்டும் செய்வதில்லை, சேதியும் சொல்லும். உறைப் பக்கம் ஒரே இடத்தில் நூல் பிய்ந்து பிய்ந்து வந்தால் அங்கே விளிம்பு சொரசொரப்பாகவோ திறந்தோ இருக்கிறது. நூலை முகர்ந்தால் அந்த ஒரு இடத்தில் மட்டும் துர்நாற்றம் அடித்தால் உள்ளே கசிவு இருக்கலாம். சாப்பிடும்போதெல்லாம் இறைச்சி நார் அதே இடுக்கில் போய் மாட்டினால் உறைக்கும் பக்கத்துப் பல்லுக்கும் தொடுப்பு சரியில்லை. இவற்றில் எது நடந்தாலும் மருத்துவரிடம் அப்படியே சொல்ல வேண்டும். வலி வருவதற்கு எத்தனையோ மாதம் முன்பே கிடைக்கும் அறிகுறிகள் இவை.

இல்லாத பல்லுக்காக இரண்டு பக்கமும் உறை மாட்டி நடுவில் பொய்ப்பல் தொங்கவிடும் 'பிரிட்ஜ்' போட்டவர்களுக்கு வேலை கொஞ்சம் கூடுதல். நடுப்பல்லுக்கு அடியில் நூலைக் கோத்து நுழைக்க ஊசி போன்ற ஒரு கருவி இருக்கிறது, அதை வாங்கிக்கொள்ள வேண்டும். பிரிட்ஜில் ஒரு பக்கத்து உறை கழன்றாலும் மறுபக்கத்து உறை பிடித்துக்கொண்டிருக்கும். விழாது, ஆடுவதும் தெரியாது. கழன்ற பக்கத்தில் எச்சிலும் உணவும் புகுந்து பல் கரைந்துகொண்டே போகும். கடிக்கும்போது 'சளக்' என்று எச்சில் வெளியே வருவதுபோல் இருந்தால், அல்லது வாயில் ஒரு கெட்ட சுவை விடாமல் இருந்தால், தாமதிக்கக் கூடாது.

முறுக்கும் எலும்பும் வெற்றிலையும்

முதல் நாள் கழிந்த பிறகு உறைப் பல்லால் எல்லாவற்றையும் சாப்பிடலாம், சிலவற்றைத் தவிர. ஐஸ் கச்சாங்கிலும் தே ஐஸிலும் மிஞ்சும் ஐஸ் கட்டியைக் கடித்து நொறுக்கும் பழக்கம், பீங்கான் பெயர்வதற்கு ஒரு நல்ல வழி. தீபாவளி முறுக்கை முழுதாகப் போட்டு நொறுக்காமல் கையால் உடைத்துச் சின்னதாகச் சாப்பிடலாம். ஆட்டெலும்பை உடைத்து உறிஞ்சுவது, நண்டு ஓட்டைக் கடிப்பது, பொங்கல் கரும்பைப் பல்லாலேயே உரிப்பது ஆகியவற்றை உறைப் பல் உள்ள பக்கம் செய்யக்கூடாது. புட்டி மூடி திறப்பது, தையல் நூலைக் கடித்து அறுப்பது போன்றவற்றுக்குப் பல் எப்போதுமே கருவியில்லை.

வெற்றிலை பாக்குப் போடுகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பாக்கு கடினமானது, நாள் முழுதும் மென்றால் உறையின் மேற்பரப்பும் எதிர்ப்பக்கத்துப் பல்லும் தேயும். சுண்ணாம்பும் சாயமும் சேர்ந்து கோட்டோரம் கல்போல் படியும், அதன் அடியில் ஈறு அழற்சி கண்டு இறங்கும். உறையைத் தாண்டிய கவலையும் உண்டு: பாக்கும் புகையிலையும் வாய்ப் புற்றுநோய்க்கு நிரூபிக்கப்பட்ட காரணங்கள். நம் நாட்டில் இந்திய சமூகத்தினரிடையே அந்நோய் கூடுதலாகக் காணப்படுவதால்தான் சுகாதார அமைச்சின் வாய்ப் பரிசோதனைக் குழுக்கள் தோட்டங்களுக்கே வந்து பார்த்திருக்கின்றன. உறையைச் சோதிக்கப் போகும்போதே, கன்னத்தின் உள்பக்கமோ நாக்கின் ஓரமோ இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு இருந்தால் அதையும் காட்டிவிட வேண்டும். பாட்டிமார் சொல்லமாட்டார்கள். கூடப்போகும் மகளோ மருமகளோ சொல்லலாம்.

இனிப்பு விஷயத்தில் எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதைவிட எத்தனை முறை என்பதே பெரிது. மூன்று வேளைச் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கும் இனிப்புத் தேநீர் ஒரு கணக்கு. வேலை நேரம் முழுவதும் புட்டியில் வைத்துக்கொண்டு மிடறு மிடறாகக் குடிக்கும் சிராப் தண்ணீர் வேறு கணக்கு. இரண்டாவதில் கோடு நாள் முழுக்க அமிலத்தில் ஊறிக்கொண்டிருக்கிறது.

இனிப்புநீரும் இரத்த அழுத்த மாத்திரையும்

2019 ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி இந்நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. நம் சமூகத்தில் அது இன்னும் அதிகம். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதபோது ஈறு எளிதில் வீங்கும், புண் ஆறத் தாமதமாகும், பல்லைத் தாங்கும் எலும்பு கரையும். எலும்பு போன பிறகு உறை எவ்வளவு உறுதியாக ஒட்டியிருந்தாலும் பல்லோடு சேர்ந்து ஆடும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகிறது. இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். கிளினிக்கில் இனிப்புநீர் இருப்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும், சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலையும் கொண்டுபோக வேண்டும்.

இரத்த அழுத்தம், மன அழுத்தம், ஒவ்வாமை ஆகியவற்றுக்கான சில மருந்துகள் வாயை உலர்த்தும். எச்சில் குறைந்தால் சொத்தை வேகமாக வரும், அதுவும் உறையோரத்தில்தான் முதலில் பிடிக்கும். இதற்காக மருந்தை நிறுத்திவிடக் கூடாது. அடிக்கடி வெறும் தண்ணீர் குடிப்பதும், ஃபுளோராய்டு பற்றிப் பல் மருத்துவரிடம் கேட்பதும் போதும்.

தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறவர்கள் இரவில் மாட்டிக்கொள்ளும் மென்தகடு ஒன்றைச் செய்துகொள்வது நல்லது. கடிப்பது அவர்களுக்குத் தெரியாது. பக்கத்தில் படுப்பவருக்குத்தான் தெரியும்.

உறை கையோடு வந்துவிட்டால்

நிரந்தர உறை கழன்றால் தூக்கி எறிந்துவிடக் கூடாது. பல் கெடாமல் இருந்தால் அதே உறையைச் சுத்தம் செய்து திரும்ப ஒட்ட முடியும், புதிதுக்கு ஆகும் செலவில் சிறு பங்குதான் ஆகும். உறையின் உள்ளே எட்டிப்பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். வெறும் சிமெண்டு மட்டும் இருந்தால் நல்ல சேதி. உள்ளே பல்லின் துண்டும் ஒட்டிக்கொண்டிருந்தால் பல் முறிந்திருக்கிறது, சீக்கிரம் போக வேண்டும்.

சாப்பாட்டோடு உறையை விழுங்கிவிட்டால் பெரும்பாலும் தானாகவே வெளியேறிவிடும். விழுங்கியபோது இருமலோ மூச்சுத்திணறலோ வந்திருந்தால் அது நுரையீரல் பக்கம் போயிருக்கலாம். இருமல் பிறகு அடங்கிவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மலிவுக்கு ஆசைப்பட்டால்

சமூக ஊடகத்தில் "ஒரே நாளில் உறை, பாதி விலை" என்று விளம்பரம் வருகிறது. போய்ப் பார்த்தால் அது ஒரு வீடு, அழகு நிலையம், சில சமயம் தங்கும் விடுதி அறை. செய்கிறவர் பல் மருத்துவர் அல்ல. எக்ஸ்ரே கிடையாது, சொத்தையை நீக்குவது கிடையாது, கருவிகளைக் கொதிநீராவியில் சுத்தப்படுத்துவதும் கிடையாது. இருக்கிற பல்லின் மேல் பிசினைப் பூசி ஈறோடு ஈறாக ஒட்டிவிடுகிறார்கள். சுத்தம் செய்யக் கோடே இல்லாததால் சில மாதத்தில் ஈறு வீங்கி இரத்தம் வடிகிறது. அதைப் பெயர்த்தெடுத்துச் சரிசெய்யும் செலவு முதலிலேயே முறையாகப் போட்டிருந்தால் ஆகியிருக்கும் செலவைத் தாண்டிவிடும். பதிவில்லாமல் தனியார் கிளினிக் நடத்தும் தனிநபருக்கு 1998 ஆம் ஆண்டுச் சட்டப்படி மூன்று லட்சம் வெள்ளி வரை அபராதமோ ஆறு ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். பாதிக்கப்பட்டவரின் பல்லை அந்த அபராதம் திருப்பித் தராது. பல் மருத்துவரின் பெயர் பதிவில் இருக்கிறதா என்பதை மலேசியப் பல் மருத்துவ மன்றத்தின் இணையத்தளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

பணம்தான் தடை என்றால் வேறு வழிகள் உண்டு. அரசாங்கப் பல் கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி. உறை எல்லா இடத்திலும் கிடைக்காது; நிபுணரிடம் அனுப்புவார்கள், காத்திருக்க வேண்டிவரும், உறைக்குத் தனிக் கட்டணமும் உண்டு. ஆனாலும் ஏற்கெனவே போட்ட உறையைச் சோதிப்பதும், கல் எடுத்துச் சுத்தம் செய்வதும் அங்கேயே நடக்கும். மலாயாப் பல்கலைக்கழகம் போன்ற பல் மருத்துவப் புலங்களில் மாணவர்கள் விரிவுரையாளர்களின் மேற்பார்வையில் தனியார் கிளினிக்கைவிடக் குறைந்த செலவில் சிகிச்சை செய்கிறார்கள். நேரம் அதிகம் எடுக்கும், பலமுறை போய்வர வேண்டும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை

உறை போட்டவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல்லைக் காட்ட வேண்டும். மருத்துவர் கூர்மையான கருவியால் கோட்டைத் தடவிப் பார்ப்பார், ஈறின் ஆழத்தை அளப்பார், தேவைப்பட்டால் எக்ஸ்ரே எடுப்பார். கோட்டில் தொடங்கும் சிறு சொத்தையை அந்த நிலையில் அடைத்துவிட முடியும், உறையைக் கழற்ற வேண்டியதில்லை.

உலோகத்தின் மேல் பீங்கான் பூசிய உறை போட்டவர்கள் சில ஆண்டு கழித்து ஈறோரம் கறுப்புக் கோடு தெரிவதைக் கண்டு பயப்படுவார்கள். ஈறு இறங்கி உள்ளிருக்கும் உலோகம் தெரிவதுதான் பெரும்பாலும் காரணம். ஆனால் அது உலோகமா சொத்தையா என்பதைக் கண்ணாடியில் பார்த்து முடிவு செய்ய முடியாது, காட்டித்தான் ஆக வேண்டும். பல்லை வெளுக்கச் செய்யும் மருந்து உறையின் நிறத்தை மாற்றாது. மற்ற பற்களை வெளுக்கச் செய்யும் எண்ணம் இருந்தால் அதை உறை செய்வதற்கு முன்பே முடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பல் மட்டும் தனி நிறத்தில் நிற்கும்.

உறை போட்ட அன்றே கிளினிக்கில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டிய விவரங்கள் மூன்று: எந்தப் பல், எந்தப் பொருள், எந்தத் தேதி. உத்தரவாதம் உண்டு என்றால் எத்தனை ஆண்டு என்பதையும் அதே தாளில் எழுதித் தரச் சொல்லலாம். வேலை மாறித் தோட்டத்திலிருந்து வேறு ஊருக்குப் போகிறவர்களுக்கு, அங்கே புதிதாகப் பார்க்கும் மருத்துவரிடம் காட்ட அந்தத் தாள் ஒன்றுதான் இருக்கும். அடையாள அட்டையின் நகலோடு சேர்த்து வைத்தால் தொலையாது.